கடலோரத்தில் இரண்டு இரவு: ஏழு பேர் குடும்பத்தின் சிக்கனப் பயணம் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஒரு பெருநகரத்தில் வசிக்கும் அக்கா, தங்கை இருவரின் குடும்பங்கள். அக்கா வீட்டில் கணவர், 11 வயதுப் பெண், 6 வயதுப் பையன், கூடவே அம்மா. தங்கை வீட்டில் அவரும் கணவரும் மட்டும். மொத்தம் 7 பேர். அம்மாவுக்கு 70 வயதைத் தாண்டிவிட்டது. முழங்கால் இரண்டும் தேய்ந்து, படி ஏறுவதென்றால் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியாகத்தான் ஏறுவார். தங்கையின் கணவருக்கு ஷிப்ட் வேலை. போகாத நாளுக்குச் சம்பளம் கிடையாது. நகரத்திலிருந்து கடல் இரண்டு மணி நேரத் தொலைவுதான். இருந்தும் சின்னவன் கடலைப் பார்த்ததே இல்லை. ஒவ்வொரு விடுமுறைக்கும் திட்டம் போடுவார்கள், செலவுக் கணக்கைப் பார்த்ததும் கைவிட்டுவிடுவார்கள்.

இந்த முறை ஒரு தொகையை ஒதுக்கி, அதற்கு மேல் ஒரு காசு கூடாது என்று முடிவு செய்த பிறகுதான் என்னிடம் வந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரன் என்ற முறையிலும், பயணக் கணக்கு போட்டுப் பார்ப்பதில் ஈடுபாடு உள்ளவன் என்ற முறையிலும் கூட உட்கார்ந்தேன். அவர்கள் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். ஒதுக்கிய தொகையை 100 என்று வைத்துக்கொண்டு, எல்லாச் செலவையும் அந்த அளவிலேயே சொல்கிறேன். எந்த ஊரில் எந்தப் பணத்தில் திட்டமிடுகிறவருக்கும் விகிதம்தான் பயன்படும்.

முதலில் பிடித்துப்போன இடம்

முன்பதிவு தளத்தில் அக்காவின் கண்ணில் பட்டது 'கடலுக்கு எதிரே' என்று விளம்பரம் செய்திருந்த ஒரு விடுதி. சனிக்கிழமை ஓர் இரவு, இரண்டு அறை, வாடகை 38 என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. தள்ளுபடி அன்று இரவோடு முடிகிறது என்று ஒரு கடிகாரமும் கீழே ஓடிக்கொண்டிருந்தது. அக்கா பணம் கட்டவே தயாராகிவிட்டார்.

கட்டும் முன் மூன்று விஷயங்களைப் பார்த்தோம். பணம் கட்டும் கடைசிப் பக்கம் வரைக்கும் போனதில் வரி, சுத்தம் செய்யும் கட்டணம், கூடுதல் ஆளுக்கான தொகை எல்லாம் சேர்ந்து 38 என்பது 55 ஆகிவிட்டது. அடுத்து வரைபடத்தின் செயற்கைக்கோள் படத்தைத் திறந்தோம். விடுதிக்கும் கடலுக்கும் நடுவே நான்கு வழிச் சாலை. சாலைக்கு அந்தப் பக்கம் கடலரிப்பைத் தடுக்கப் போட்ட கருங்கல் குவியல். மணல் என்று இருந்தது ஒரு ஒல்லியான பட்டைதான்.

"கடலுக்கு எதிரேன்னு போட்டிருக்காங்களே, அப்புறம் என்னடா?" என்றார் அம்மா, மருமகனின் தோளுக்கு மேலாகத் திரையை எட்டிப் பார்த்து.

பேத்திதான் பதில் சொன்னாள்: "எதிரேதான் பாட்டி. ஆனா நடுவுல ரோடு, அதுக்கப்புறம் பாறை. நீங்க எப்படி இறங்குவீங்க?"

மூன்றாவது, வடக்கே கூப்பிடு தூரத்தில் ஓர் ஆற்றின் முகத்துவாரம். நகரத்தின் ஊடாக ஓடிவரும் ஆறு அது. பெருநகரத்தை ஒட்டிய கடற்கரைகளுக்கு எங்கேயும் உள்ள சிக்கல் இது: நகரத்தின் கழிவுநீரும் மழைநீரும் கடைசியில் கடலில்தான் வந்து கலக்கும், கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில்தான் மலிவான அறைகள் இருக்கும். வாடகை ஏன் குறைவு என்று விளம்பரம் சொல்லாது. வரைபடம் சொல்லும்.

பணத்தை எதால் வகுப்பது

விடுதியை அவர்கள் ஓர் இரவுக்கு எவ்வளவு என்ற கணக்கில்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடற்கரைப் பயணத்துக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது என்பது என் கருத்து. வீட்டுக் கதவைப் பூட்டியது முதல் திரும்பி வந்து திறப்பது வரை ஆகும் மொத்தச் செலவை, குடும்பம் மணலில் இருக்கப்போகும் மணி நேரத்தால் வகுத்தால் எது மலிவு என்று தெரிந்துவிடும்.

முதல் விடுதிக்கு அப்படிப் போட்டுப் பார்த்தோம். அறை 55. ஏழு பேருக்கு வேன் வாடகை, சுங்கம், நிறுத்தக் கட்டணம் சேர்த்து 35. சமையலுக்கு வசதி இல்லாததால் ஒவ்வொரு வேளையும் வெளியே சாப்பிட வேண்டும், அதற்கு 35. ஆக 125. ஒதுக்கியதைவிடக் கால் பங்கு அதிகம்.

மணி நேரத்தைப் பார்த்தால் இன்னும் மோசம். அறை தருவது பிற்பகல் 3 மணிக்கு, காலி செய்ய வேண்டியது மறுநாள் காலை 11க்கு. மணல் பட்டை ஒல்லியானது என்பதால் கடல் ஏறும்போது உட்கார இடமே இருக்காது. சனி மாலை இரண்டு மணி நேரம், ஞாயிறு காலை இரண்டரை மணி நேரம், அவ்வளவுதான் தேறியது. 125 செலவில் நாலரை மணி நேரம்.

"இதுக்கு வீட்லயே வாளில தண்ணி புடிச்சு விளையாடலாம்" என்றார் தங்கை. அந்த விடுதியை அத்தோடு மூடிவிட்டோம்.

கிழமையும் கடல் ஏற்றமும்

கடலோர விடுதிகளில் வெள்ளி, சனி இரவுகளுக்குத்தான் போட்டி. ஞாயிறு மதியம் எல்லோரும் காலி செய்துவிட்டுப் போன பிறகு அறைகள் சும்மா கிடக்கும், வாடகை தானாக இறங்கும். சாலையிலும் அப்படியே. நகரமே திரும்பி வந்துகொண்டிருக்கும் நேரத்தில் எதிர்த்திசையில் போகிறவருக்கு நெரிசல் இல்லை. அதனால் ஞாயிறு போய் செவ்வாய் திரும்புவது என்று யோசித்தோம். பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை, அக்காவுக்கும் அவர் கணவருக்கும் எடுக்காத விடுப்பு இருந்தது, தங்கைக்கும் சிக்கல் இல்லை.

தங்கையின் கணவர் மட்டும் பேசாமல் இருந்தார். இரண்டு நாள் வேலையை விட்டால் அவருக்கு இரண்டு நாள் சம்பளம் போகும். வாரநாளில் போனால் மலிவு என்று எல்லோரும் சொல்கிறார்கள். சம்பளத்தோடு விடுப்பு கிடைப்பவருக்குத்தான் அது மலிவு. அவர் இழக்கும் ஒரு நாள் சம்பளம் எங்கள் அளவில் 8. அதை அவர் தலையில் விடாமல் பொதுச் செலவில் சேர்க்க வேண்டும் என்று சொன்னேன், அக்கா உடனே ஒப்புக்கொண்டார். ஞாயிறும் திங்களும் இருந்துவிட்டு, திங்கள் இரவு ரயிலில் அவர் மட்டும் திரும்பி, செவ்வாய் காலை வேலைக்குப் போவது என்று முடிவாயிற்று.

அடுத்ததாகக் கடல் ஏற்ற இறக்க அட்டவணை. பலர் இதைப் பார்ப்பதே இல்லை. பெரும்பாலான கரைகளில் ஒரு நாளில் இரண்டு முறை கடல் ஏறும், இரண்டு முறை வற்றும். ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் அதிகமாக இருக்கும். சந்திரன், சூரியன் இவற்றின் ஈர்ப்பை வைத்துக் கணிப்பதால் பல மாதங்களுக்கு முன்பே நேரம் தெரிந்துவிடும். துறைமுகங்களுக்கான அட்டவணை இலவசமாகவே கிடைக்கிறது.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை பௌர்ணமி. அட்டவணைப்படி ஞாயிறு காலை 10.30க்கு ஏற்றம், மாலை 4.40 வாக்கில் வற்றம். திங்கள் விடியலில் ஒரு வற்றம், 11.20 அளவில் ஏற்றம், மாலை 5.30க்கு மறுபடி வற்றம். செவ்வாய் காலை 6 மணியளவில் வற்றம். அதாவது விடியலிலும் மாலையிலும் மணல் அகலமாக இருக்கும், உச்சி வெயில் நேரத்தில் கடல் மேலேறி இருக்கும். இதைவிட வசதி வேண்டுமா? வெயிலின் கடுமையைச் சொல்லும் புற ஊதாக் குறியீடு 3ஐத் தொட்டாலே வெயிலிலிருந்து தோலைக் காக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். முன்னறிவிப்பில் நண்பகலுக்கு 9 என்று இருந்தது. அந்த நேரம் முழுக்க அறையில் சாப்பிட்டுத் தூங்குவது என்று வைத்துக்கொண்டோம்.

எடுத்த முடிவுகள்

ரயிலில் போகக்கூடிய ஒரு சிறிய கடலோர ஊரைத் தேர்ந்தெடுத்தோம். நகரத்தின் முக்கிய நிலையத்திலிருந்து 1 மணி 20 நிமிடம். கடலிலிருந்து மூன்றாவது தெருவில், தரைத்தளத்தில் இரண்டு அறையும் சின்னச் சமையலறையும் கொண்ட ஒரு வீடு. கடல் தெரியாது, ஆனால் ஆறு நிமிட நடையில் மணல், வழியில் படிக்கட்டு இல்லை. கடல் தெரியும் அறைக்கு முதல் வரிசையில் இதைப்போல் இரண்டு மடங்கு கேட்டார்கள். அறைக்குள்ளிருந்து கடலைப் பார்க்கவா போகிறோம் என்று அக்காவின் கணவர் கேட்டார். சரியான கேள்வி.

வீட்டுக்காரரிடம் தொலைபேசியில் பேசியதில் இரண்டு லாபம். முன்பதிவு தளங்கள் பொதுவாக 15 சதவீதமோ அதற்கு மேலோ கமிஷன் எடுப்பதால், நேரடியாகப் பேசினால் வாடகையைக் கொஞ்சம் குறைக்க அவருக்கு இடம் இருந்தது, குறைத்தார். படத்தில் தெரியாத விஷயங்களையும் கேட்க முடிந்தது. குளியலறைக் கதவில் நிலைப்படி உயரமா, மணலோடு வந்தால் வெளியே கால் கழுவக் குழாய் உண்டா, சீக்கிரம் வந்தால் பையை வைக்கலாமா என்று அக்கா ஒவ்வொன்றாகக் கேட்டார். கடைசியாக, "சாக்கடை எந்தப் பக்கமா கடல்ல கலக்குது?" என்று கேட்டதும் மறுமுனையில் ஒரு நொடி பேச்சே இல்லை. அப்புறம் அவர் நேர்மையாகச் சொன்னார்: "வடக்குப் பக்கம் ஒரு மழைநீர்க் கால்வாய் இருக்குங்க. சாதாரண நாள்ல காஞ்சு கிடக்கும். மழை பெஞ்சா ஓடும்." அவர் மேல் எங்களுக்கு நம்பிக்கை வந்ததே அந்தப் பதிலால்தான்.

அந்தக் கடற்கரைக்கு நீலக்கொடிச் சான்று எதுவும் இல்லை. 1985இல் பிரான்சில் தொடங்கிய இந்தச் சான்றை இப்போது கோபன்ஹேகனிலிருந்து இயங்கும் சுற்றுச்சூழல் கல்வி அறக்கட்டளை தருகிறது. நீரின் தரம், உயிர்காப்பு ஏற்பாடு, கழிப்பறை போன்றவற்றைப் பார்த்து ஒவ்வொரு பருவத்துக்கும் புதிதாக வழங்குகிறார்கள். சான்று இல்லை என்பதால் கடற்கரை மோசம் என்று ஆகிவிடாது. நாமே விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். உயிர்காப்பாளர்கள் காலை 8 முதல் மாலை 6 வரை பணியில் இருப்பார்கள் என்று உறுதி செய்துகொண்டோம். அவர்கள் இல்லாத நேரத்தில் முழங்காலுக்கு மேல் யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது என்று அம்மா விதி போட்டார்.

போட்ட கணக்கு: ரயில் 9, இரண்டு இரவு வாடகை 44, சமைத்துச் சாப்பிட 18, சில்லறைச் செலவு 6, இழக்கும் சம்பளம் 8. ஆக 85. மணலில் இருக்கக்கூடிய நேரம் சுமார் 12 மணி. முதல் விடுதியோடு ஒப்பிட்டால், ஒரு மணி நேரத்துக்கு ஆகும் செலவு நான்கில் ஒரு பங்கு.

நடந்தது

ஞாயிறு நண்பகலுக்குச் சற்றுப் பின் போய்ச் சேர்ந்தார்கள். நிலையத்திலிருந்து நடந்துவிடலாம் என்று போட்டிருந்த திட்டம் அங்கேயே மாறியது. பைகளும் சமையல் சாமானும் அம்மாவின் முழங்காலும் சேர்ந்தபோது ஒரு கிலோமீட்டர் நெடுந்தூரமாகிவிட்டது. வாடகை வண்டி பிடித்தார்கள்.

மாலையில் மணல் விரிந்து கிடந்தது. மேலே சிவப்பும் கீழே மஞ்சளுமான இரண்டு கொடிகளை நட்டு, அவற்றுக்கு நடுவே குளிக்கச் சொல்லி உயிர்காப்பாளர் கைகாட்டினார். அந்த இடத்தில் அலை வரிசையாக உடைந்து நுரைத்துக்கொண்டிருந்தது. சற்றுத் தள்ளி, கடலரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிப் போட்ட கல் சுவரான தூண்டில் வளைவின் ஓரமாக, அலையே இல்லாமல் தண்ணீர் கருநீலமாக அமைதியாக இருந்தது. தம்பியை அங்கே கூட்டிப்போகலாம் என்று பெண் சொன்னாள். பெரியவர்களுக்கும் அதுதான் பத்திரமாகத் தெரிந்தது.

உயிர்காப்பாளர் அவளைக் கூப்பிட்டு, ஒரு கைப்பிடி உலர்ந்த கடற்பாசியை எடுத்து அந்தக் கருநீலப் பகுதியின் ஓரத்தில் வீசச் சொன்னார். பாசி கரைக்கு வரவில்லை. கொஞ்ச நேரம் மிதந்தது, பிறகு கடலை நோக்கி நகர்ந்து, அலை உடையும் கோட்டைத் தாண்டிப் போய்விட்டது. "அலை கொண்டாந்து கொட்டுற தண்ணி திரும்பிப் போற வழி அது. கல்லை ஒட்டி எப்பவும் இருக்கும், கடல் வத்துறப்ப இன்னும் வேகம்" என்றார். இழுப்பு நீரோட்டம் என்று சொல்வது இதைத்தான். வழக்கமாக நொடிக்கு ஓரிரண்டு அடி வேகம்தான், ஆனால் 8 அடி வரை போனதும் பதிவாகியிருக்கிறது. நீச்சல் வீரராலும் அதை எதிர்த்து நீந்த முடியாது. மாட்டிக்கொண்டால் கரையை நோக்கிப் போராடாமல் மிதந்து, கையைத் தூக்கிக் காட்டி, முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வர வேண்டும். இந்தப் பயணத்தில் பிள்ளைகள் கற்றுக்கொண்டதில் மிக மதிப்பானது அதுதான் என்று நினைக்கிறேன். அதற்குச் செலவு ஏதும் ஆகவில்லை. உயிர்காப்பாளர் இருக்கும் கடற்கரையைத் தேர்ந்தெடுத்ததுதான் காரணம்.

அகலமான மணலுக்காக வற்றும் நேரத்தைத் தேர்ந்தெடுத்தோம், அதே நேரத்தில்தான் இழுப்பும் கூடுகிறது. அட்டவணை பார்த்துத் திட்டமிடுகிறவர்கள் இந்த இரண்டையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

திங்கள் விடியலில் அம்மா எழுந்து வந்தார். உலர்ந்த மணலில் நடக்கக் கெட்டித் தரையைவிட இருமடங்குக்கு மேல் சக்தி செலவாகும், தேய்ந்த முழங்காலுக்கு அது பெரிய பாரம். ஆனால் கடல் அப்போதுதான் வற்றிப்போய் ஈரமணல் இறுகிக் கிடந்தது. மருமகன் கையைப் பிடித்துக்கொண்டு உலர்ந்த பகுதியைத் தாண்டியதும், "விடுங்க மாப்பிள்ளை, இனிமே நானே போறேன்" என்று கையை விடுவித்துக்கொண்டு நடந்தார். தூண்டில் வளைவு வரை போய்த் திரும்பினார். வீட்டில் மாடிப்படிக்கே தயங்குகிறவர்.

அன்று மாலைக் குளியல் முடிந்ததும் தங்கையின் கணவர் ரயில் ஏறினார். இரவு மழை பிடித்துக்கொண்டது. செவ்வாய் காலை கால்வாய் நிரம்பிப் பழுப்புத் தண்ணீர் கடலில் விசிறிபோல் பரவியிருந்தது. பலத்த மழைக்குப் பிறகு கால்வாய், ஆற்று முகத்துவாரம் இவற்றின் அருகே இரண்டு மூன்று நாள் குளிக்காமல் இருப்பது நல்லது. கழிவோடு வரும் கிருமிகளால் வயிற்றுப்போக்கு, காது வலி, கண் எரிச்சல் வரலாம். ஆறு வயதுப் பையனுக்கு அதைப் புரியவைக்க முடியவில்லை. அழுதான். மணலில் பள்ளம் தோண்டியும், வற்றிய கல்லிடுக்குகளில் சின்ன நண்டுகளைப் பார்த்தும் இரண்டு மணி நேரம் போனது. மதியத்துக்குள் வீடு திரும்பினார்கள்.

முடிவில் ஆன செலவு

85 என்று போட்டது 93 ஆனது. நிலையத்துக்கும் வீட்டுக்கும் இடையே இரண்டு முறை வாடகை வண்டி, திங்கள் மழையில் சமைக்க அலுத்துப்போய் வெளியிலிருந்து வாங்கிய இரவுச் சாப்பாடு, நிழற்குடை வாடகை ஆகியவைதான் கூடுதல். 100க்குள் அடங்கியது. யாருக்கும் காயமோ வெயில் சுட்ட கொப்புளமோ இல்லை. மணலில் இருந்தது சுமார் 11 மணி நேரம்.

அடுத்த முறை மாறுபவை

வண்டிச் செலவை முதலிலேயே கணக்கில் சேர்க்க வேண்டும். மூத்தவர் ஒருவர் கூட வரும்போது வரைபடம் சொல்லும் நடை நேரத்தை இரட்டிப்பாக்கித்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். நிழற்குடையை இரண்டு நாள் வாடகைக்கு எடுத்த பணத்தோடு இன்னும் கொஞ்சம் போட்டிருந்தால் சொந்தமாகவே ஒன்று வாங்கியிருக்கலாம். அடுத்த பயணத்துக்கு முன் வாங்குகிறார்கள்.

மழைக்கு ஒரு மாற்று ஏற்பாடு வேண்டும். அந்தக் கால்வாயிலிருந்து தள்ளி, தெற்கே ஒரு ரயில் நிலையம் தாண்டினால் இன்னொரு கரை இருக்கிறது என்று வீட்டுக்காரர் பிறகு சொன்னார். அங்கும் உயிர்காப்பாளர் உண்டா என்று முன்பே விசாரித்து வைத்திருந்தால் செவ்வாய் காலை பையனைக் கூட்டிப்போயிருக்கலாம். இனி இடம் பார்க்கும்போது இரண்டு கரைகளைச் சேர்த்தே பார்ப்பது என்று அக்கா சொல்லியிருக்கிறார்.

தேதியைக் குறிக்கும் வரிசையும் மாறுகிறது. தங்கையின் கணவரின் ஷிப்ட் பட்டியல் முதலில், கடல் அட்டவணை அடுத்து, அறை வாடகை கடைசி. அவருக்கு ஞாயிறை அடுத்தும் இரண்டு நாள் ஓய்வு விழுகிற வாரத்துக்காகக் காத்திருக்கிறார்கள். அந்த 8 மிச்சமாகும், அவரும் செவ்வாய் வரை இருக்கலாம்.